சிவப்பு நாடா கட்டிய கதிரை

அந்தக் கதிரையை விட்டு எழும்பக்கூடாது என்பதை முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

நீலப் பிளாஸ்ரிக் கதிரை. வலது கைப்பிடியில் சிவப்பு நாடா நாலு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. படப்பிடிப்பு எங்கே நடந்தாலும், நடிக்கிற பிள்ளையின் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து முதலில் அதைத்தான் போடுவார்கள். அதன் பிறகுதான் கமெராவே வாகனத்திலிருந்து இறங்கும்.

"இதில நீங்கள் மட்டும்தான் இருக்கலாம், ஜெசிந்தா," என்றார் படத்தைத் தயாரிக்கிற மெலனி அக்கா. "வேற ஆரும் இருக்கேலாது. அஞ்சலினா நடிக்கேக்க நீங்கள் எழும்பினா கமெரா நிக்கும். நீங்கள் 'போதும்' எண்டாலும் நிக்கும். டிரெக்டர் வேண்டாம் எண்டாலும், நான் வேண்டாம் எண்டாலும் உங்கட சொல்லுத்தான் மேல."

"நான் ஏனக்கா போதும் எண்டு சொல்லப்போறன்?"

"சொல்லாட்டிச் சந்தோஷம்," என்று சிரித்துவிட்டு, கையிலிருந்த கடிதக் கட்டோடு போய்விட்டார்.

அஞ்சலினா என் அக்காவின் மகள். ஒன்பது வயது. அக்கா ஆசுபத்திரியில் தாதி, லீவு கிடைக்கவில்லை. நான் பட்டம் முடித்து இரண்டு வருடமாக நியமனத்துக்குக் காத்திருந்தேன். "நீ வீட்டில சும்மா புத்தகத்தோடதானே இருக்கிறாய், அங்க போய் இரு," என்று அக்கா சொன்னாள். அப்படித்தான் எனக்குக் கதிரை கிடைத்தது.

இரண்டாம் நாளே என் பெயர் போய்விட்டது. "கதிரை வந்திட்டாவோ?" என்பார் கமெராக்காரர் றிக்சன். "கதிரைக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சோ?" ஒருமுறை மலசலகூடத்துக்குப் போகவென்று நான் எழும்பியதும் விளக்குகள் அணைந்தன, நடிகர்கள் விசிறிக்குக் கீழே போய் நின்றார்கள், எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது பதின்மூன்று பேர் என்னையே பார்த்தார்கள். அன்று முதல் காலையில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன்.

ஏன் இந்த ஏற்பாடு என்று அறிய எனக்குப் பெரிய ஆவல். மடியில் கிடந்த மொழிபெயர்ப்பு நாவலில் நூற்றைம்பது பக்கமாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மாதிரிப் புத்தகங்களில் இப்படி ஒரு பொருள் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு மரணமாவது இருக்கும். றிக்சனைக் கேட்டேன். "அக்கான்ர சட்டம். ஏனெண்டு கேக்கிறதுக்கு எனக்குச் சம்பளம் இல்லை," என்றார். ஒப்பனை செய்பவரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

மெலனியைத் தெரியாதவர்கள் திருகோணமலையில் இல்லை. ஆனால் மெலனி என்று யாருக்கும் தெரியாது. சுட்டி என்றுதான் தெரியும். அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் பங்குத் தேவாலயத்தில், கிறிஸ்து பிறப்பைச் சொல்கிற நத்தார் நாடகத்தில் ஆட்டுக்குட்டியாக வந்தார். கொழும்பிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த யாரோ அதைப் பார்த்து, 'பத்தாம் இலக்க வீடு' என்ற தொடர் நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு மாமி வீட்டில் தங்கி நாலு வருடம் சுட்டியாக நடித்தார். நாங்கள் பக்கத்து வீட்டில் போய்ப் பார்ப்போம். மின்சாரம் நின்றால் அழுவோம்.

அழுகை என்றால், சுட்டியின் அழுகைதான். தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற ஒரு காட்சி. வெட்டே இல்லாமல் நாற்பது வினாடி கமெரா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் நம்பாத முகம். பிறகு வாய் மெல்லக் கோணும். அந்த வாரம் முழுக்க ஊர் அதைத்தான் கதைத்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் சுட்டி அழுகைப் போட்டி வைத்தோம். நான் ஒருநாளும் வென்றதில்லை. இன்றைக்கும் கலியாண வீடுகளில் யாராவது ஒரு மாமி மெலனியின் கன்னத்தைப் பிடித்து, "எங்க, ஒருக்கா அழுது காட்டன்," என்று கேட்பதுண்டு.

பன்னிரண்டு வயதில் அவர் ஒரேயடியாக வளர்ந்துவிட்டார். கதையில் சுட்டியை லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அத்தோடு சரி. ஊருக்குத் திரும்பிவந்து மீன் கடைக்குப் போனால், "லண்டன் எப்பிடிப் பிள்ளை, குளிரோ?" என்று கேட்டார்களாம். அதன் பிறகு கொஞ்சக் காலம் கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுத்தார். ஒரு முயல், ஒரு சின்ன இளவரசன். பத்தொன்பது வயதில் மறுபடி கொழும்புக்குப் போனபோது கமெராவுக்கு முன்னால் நிற்கவில்லை. வாகனம் பிடிப்பது, சாப்பாட்டுப் பார்சல் எண்ணுவது, அனுமதிக் கடிதம் எழுதுவது. எட்டு வருடம் அதைச் செய்தார். இப்போது இருபத்தெட்டு வயதில் இந்த நாற்பத்தைந்து நிமிடப் படம், தயாரிப்பாளர் என்று அவர் பெயர் போகிற முதல் படம்.

கதை எளிமையானது. மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய், மகளைப் படிப்புக்காகத் திருகோணமலையில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் படகில் திரும்புகிறாள். கடைசிக் காட்சி துறைமுகத்து ஜெட்டியில். படகு போகும், பிள்ளை அழும். தொலைக்காட்சி நிலையத்தார் படத்தை ஏற்றுக்கொண்டதே அந்த அழுகைக்காகத்தான். "சுட்டி எடுக்கிற படத்தில சுட்டி அழுகை மாதிரி ஒண்டு இருக்கவேணும்," என்று சொல்லியே அனுப்பினார்களாம். அது இல்லாவிட்டால் படத்துக்கு ஒதுக்கிய ஒளிபரப்பு நாள் வேறொன்றுக்குப் போய்விடும்.

ஜெட்டிக்கு அனுமதி ஒரு சனிக்கிழமை மட்டும். காலை எட்டிலிருந்து பகல் பன்னிரண்டு. அடுத்த அனுமதிக்கு எழுதிப்போட்டால் ஒன்றரை மாதம்.

அந்தச் சனிக்கிழமை நன்றாகத் தொடங்கவில்லை. உட்துறைமுக வீதியில் திரிகிற மான்களில் ஒன்று வந்து, மேசையில் கல் வைத்திருந்த அன்றைய வேலைத்தாளை இழுத்துத் தின்றுவிட்டது. "முடிவு நல்லமாம், அதுதான் கடைசிப் பக்கத்தையும் திண்டது," என்றார் றிக்சன். படகோட்டி அபூதாஹிர் நானா கிண்ணியாவிலிருந்து வந்து ஏழு மணிக்கே படகைக் கட்டிவிட்டு, "நாங்க ரெடி, நீங்கதான் இன்னும் மானோட சண்டை பிடிக்கிறீங்க," என்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

பத்தரை மணிக்குள் படகு மூன்று முறை போய் வந்தது. தாயாக நடித்த கொழும்பு நடிகை மூன்று முறையும் கண்ணீர் விட்டார். அஞ்சலினாவுக்கு வரவில்லை.

"எனக்கு அழுகை வருகுதில்லை, சித்தி."

"பரவாயில்லை."

"எப்பிடியும் போட் திரும்பி வருதுதானே. மூண்டு தரம் வந்திட்டுது."

கண்ணில் கிளிசரின் விட்டுப் பார்த்தார்கள். கன்னத்தில் நீர் ஓடியது. அவளோ காற்றில் பறந்த ஒரு சொப்பிங் பையின் பின்னால் கண்ணைக் கொண்டுபோனாள். "கண் அழுகுது, முகம் அழேல்லை," என்று றிக்சன் தலையைச் சொறிந்தார். பதினொன்று பத்துக்கு மெலனி அக்கா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, இன்னும் அரை மணித்தியாலம் தருவார்களா என்று கேட்கத் துறைமுக அலுவலகத்துக்குப் போனார்.

அவர் போனதும் டிரெக்டர் தனஞ்சயன் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். தம்பலகாமத்துக்காரர், முப்பது வயதிருக்கும். கெட்ட மனிதர் இல்லை. மூன்று நாளாக அஞ்சலினாவுக்குத் தன் சாப்பாட்டிலிருந்து முட்டையை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

"ஜெசிந்தா, ஒரு உதவி. சுட்டின்ர அழுகை ஞாபகம் இருக்கோ?"

"ஆருக்கு இல்லை?"

"நான் அதைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு வந்தனான். அதை என்னெண்டு எடுத்தவை தெரியுமே?"

எனக்கு நாவல் மடியிலிருந்து நழுவியது. "என்னெண்டு?"

"கொழும்பில எங்கட ஆக்களுக்குள்ள பெரிய கதை அது. மெலனியோட அவவின்ர அம்மா வந்து நிண்டவவாம். 'அம்மா உன்னட்டச் சொல்லாமல் ஊர் பஸ்ஸில ஏறிட்டா' எண்டு பிள்ளையிட்டச் சொல்லிப்போட்டுக் கமெராவைப் போட்டவையாம். ஒரே டேக்."

"பொய்தானே?"

"பொய்தான். பிறகு ஒரு ஐஸ்கிறீம். எல்லாம் சரி." அவர் ஜெட்டி வாசலில் நின்ற, மீனுக்கு ஐஸ் ஏற்றுகிற லொறியைக் காட்டினார். "நீங்கள் அஞ்சு நிமிஷம் அதுக்குப் பின்னால நிண்டாக் காணும். மெலனி வாறதுக்குள்ள முடிஞ்சிடும். அவவுக்காகத்தான் கேக்கிறன். இண்டைக்கு இது வராட்டி அவவின்ர படம் போச்சு."

மெலனி அக்காவுக்கு உதவவே எழும்பினேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மற்றப் பாதி வேறு. ஒன்பது வயதில் என்னால் செய்துகாட்ட முடியாமல் போன அந்த அழுகை எப்படிப் பிறக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க ஆசைப்பட்டேன். புத்தகத்தைக் கதிரையிலேயே விட்டுவிட்டு, அஞ்சலினா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போய்விட்டேன்.

லொறியிலிருந்து ஐஸ் தண்ணீர் என் செருப்பில் சொட்டியது. இடுக்கு வழியாக அவள் முகம் தெரிந்தது. தனஞ்சயன் குனிந்து ஏதோ சொன்னார். அவள் கதிரையைப் பார்த்தாள். வீதியைப் பார்த்தாள். பிறகு கதிரையடிக்குப் போய்ப் புத்தகத்தைத் தொட்டாள்.

"சித்தி புத்தகத்தை விட்டிட்டுப் போகமாட்டா," என்றாள்.

றிக்சனின் கமெரா மெல்ல அவள் பக்கம் திரும்பியது. அவள் புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஜெட்டி விளிம்புக்கு நடந்தாள். முதலில் நம்பாத முகம். பிறகு வாய் மெல்லக் கோணியது. நான் பள்ளிக்கூடத்தில் கண்ணாடிக்கு முன்னால் நின்று தேடிய அதே கோணல். அதைக் கண்டதும், வெட்கமாக இருக்கிறது, 'ஆ, இதுதான்' என்றுதான் என் மனம் முதலில் சொன்னது. அவள் சத்தமாக அழத் தொடங்கிய பிறகுதான் அது என் அஞ்சலினா என்பது உறைத்தது.

அந்த நேரம் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மெலனி அக்கா கமெராவைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்க்கவில்லை. வெறும் கதிரையைத்தான் பார்த்தார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் நேரே காட்சிக்குள் நடந்தார்.

"அக்கா, ஓடுது! கமெரா ஓடுது!" என்று கத்தினார் றிக்சன்.

மெலனி அக்கா அஞ்சலினாவின் முன்னால் முழங்காலில் இருந்தார். "சித்தி போகேல்லை. இஞ்சதான் ஏதோ ஒண்டுக்குப் பின்னால நிக்கிறா. இப்ப வருவா." பிறகு திரும்பிப் பார்க்காமலே குரலை உயர்த்தினார். "ஜெசிந்தா, வாங்கோ."

லொறியடியிலிருந்து ஜெட்டிக்கு இருபது அடி இருக்கும். அவ்வளவு நீளமான இருபது அடியை நான் நடந்ததில்லை. அஞ்சலினா ஓடிவந்து அந்தத் தடித்த நாவலாலேயே என் வயிற்றில் அடித்தாள். "லூசுச் சித்தி! லூசு!" அடித்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"றிக்சன், அதை அழியுங்கோ," என்றார் மெலனி அக்கா.

"மெலனி, ஒருக்காப் பாருங்கோ," என்று தனஞ்சயன் கெஞ்சினார். "ஒரே ஒருக்கா. உங்கட அழுகையை விட நல்லாயிருக்கு."

"தெரியும். அழியுங்கோ."

றிக்சன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொத்தானை அமத்தினார். ஐம்பத்திரண்டு வினாடி அழிந்துபோனது.

மெலனி அக்கா படகு கட்டும் கட்டையில் போய் இருந்தார். நான் கிட்டப் போய், "நான் பிழை விட்டிட்டன், அக்கா," என்றேன்.

"என்ர அம்மா திரைச்சீலைக்குப் பின்னால நிண்டவ," என்றார் அவர். "அவையள் கேட்டவை, அவ போய் நிண்டவ. உங்களை மாதிரித்தான். அழுது முடியத்தான் எனக்குத் தெரியும். எல்லாரும் கை தட்டினவை. அம்மாவும் தட்டிக்கொண்டுதான் வெளியில வந்தவ." தலைக்கவசத்தை மடியில் வைத்து அதன் வாரைச் சுற்றினார், அவிழ்த்தார். "பிறகு நாலு வருஷமும் நான் வசனம் சொல்லேக்க திரைச்சீலையைத்தான் பார்ப்பன். கண்ணை நல்லா வச்சு நடிக்கிறாள் எண்டு பாராட்டினவை."

நான் அவர் பக்கத்தில் குந்தினேன்.

"சரி, விடுங்கோ. கூட நேரம் தரமாட்டினமாம். இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. அழுகை வேணும், பிள்ளை அழக்கூடாது."

அஞ்சலினா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளிம்பில் நின்று, சிப்பித் துண்டுகளைத் தண்ணீரில் எறிந்துகொண்டிருந்தாள். தனஞ்சயன் அவளருகே போய் மெதுவாக ஏதோ சொன்னார். மன்னிப்புத்தான் என்று நினைக்கிறேன், அவள் அவருக்கும் ஒரு சிப்பி கொடுத்தாள். மெலனி அக்கா அந்தச் சின்ன முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"றிக்சன்," என்றார். "முதுகாலை எடுப்பம். முகம் வேண்டாம். முதுகும் படகும்."

தனஞ்சயன் திரும்பினார். "எடுக்கலாம். ஆனால் கதிரையை எங்க போடுறது? பிள்ளைக்கு முன்னுக்குக் கடலெல்லோ?"

சட்டம் சட்டம்தான். பிள்ளையின் கண்ணில் நான் படவேண்டும். எல்லோரும் சிவப்பு நாடாவைப் பார்த்தார்கள், பிறகு தண்ணீரைப் பார்த்தார்கள்.

"அப்ப கதிரை கடலுக்குப் போகட்டும்," என்றார் மெலனி அக்கா.

"கதிரையெல்லாம் என்ட போட்டில ஏத்த ஏலா, தங்கச்சி," என்று அபூதாஹிர் நானா படகிலிருந்து சொன்னார். "ஆளை ஏத்துங்க. எடம் இருக்கி."

அப்படித்தான் நான் நடிகையானேன். யாருடையதோ சால்வையை என் தோளில் போட்டு, நாவலும் கையுமாகக் கொழும்பு நடிகைக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். தனஞ்சயன் கடைசி நேரத்தில் ஓடிப்போய் அஞ்சலினாவின் முதுகில் காட்சிக்காக மாட்டியிருந்த புத்தகப் பையைக் கழற்றினார். "தோள் தெரியவேணும்," என்றார்.

மெலனி அக்கா அஞ்சலினாவிடம், "சித்தி படகில போறா. மூண்டு நிமிஷத்தில திரும்பி வருவா. நீ பார்த்துக்கொண்டு நில். வேற ஒண்டும் செய்யத் தேவையில்லை," என்றார்.

"உண்மையா வருவாவோ?"

"வராட்டி என்ட போட்டை நீ எடு, மகள்," என்றார் அபூதாஹிர் நானா.

இயந்திரம் இரைந்தது. ஜெட்டி விலகியது. அஞ்சலினா விளிம்பில் நின்று சின்னதாகிக்கொண்டு போனாள். பக்கத்திலிருந்த நடிகை ஒழுங்காக நாலாம் முறையும் அழத் தொடங்கினார். எனக்கோ, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அவளுக்கு எப்படியாவது காட்டவேண்டும் போலிருந்தது. கமெராவுக்குக் கை தெரியாத தூரம் வந்துவிட்டது என்று நினைத்து, புத்தகத்தை உயர்த்தி ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து ஒரு மீன்பிடிப் படகின் அலை வந்து எங்களைத் தூக்கிப் போட்டது. முகம் நிறைய உப்புத் தண்ணீர். கண்ணைத் திறந்தபோது கையில் புத்தகம் இல்லை. என் பனிக்காலம் முழுவதும் கொட்டியாரக் குடாவின் பக்கம் மிதந்து போனது.

அஞ்சலினா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. குலுங்கிக் குலுங்கி, குனிந்து, மறுபடி நிமிர்ந்தது.

படகு திரும்பியபோது மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. தனஞ்சயனின் கண் கலங்கியிருந்தது. "அந்தத் தோள்! பார்த்தியளே அந்தத் தோளை!" என்றார். அஞ்சலினா ஓடிவந்து என் ஈரச் சால்வைக்குள் முகத்தைப் புதைத்தாள், இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தாள். மெலனி அக்கா முகம் வெளிறி வந்தார்.

"ஏன் அழுதவள்? நான்தானே அழத் தேவையில்லை எண்டனான். ஆர் என்ன சொன்னது?"

அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், சொட்டுகிற என் தலையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த நீலக் கதிரையில் தொப்பென்று இருந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அக்கா, அதில வேற ஆரும் இருக்கேலாது," என்றார் றிக்சன்.

படம் ஒளிபரப்பாகிற கிழமைக்கு முன்னால் பங்கு மண்டபத்தில் ஊராருக்குப் போட்டுக்காட்டினார்கள். கடைசிக் காட்சியில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. எனக்கு முன்வரிசையில் மெலனி அக்காவும் அவருடைய அம்மா ஞானமலரும் இருந்தார்கள். பெயர்கள் ஓடத் தொடங்கின. நடிகர்களுக்குப் பிறகு, 'கதிரை: ஜெசிந்தா' என்று வந்தது. அஞ்சலினா என் விலாவில் குத்தினாள்.

ஞானமலர் அன்ரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துவிட்டு மகளின் பக்கம் சாய்ந்தார். "பாவம் பிள்ளை. என்ன சொல்லி அழ வச்சனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை, அம்மா. அவள் அழேல்லை. சிரிச்சவள்."

அன்ரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன எழுத்துப் பெயர்களும் ஓடி முடிந்து திரை வெறுமையான பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"அந்தக் கடைசித் துண்டை இன்னொருக்காப் போடச் சொல்லன்," என்றார்.

மெலனி அக்கா எழும்பினார். இரண்டு அடி போனவர் நின்று, திரும்பி வந்து, அம்மாவின் பக்கம் குனிந்தார்.

"நான் றிக்சனிட்டச் சொல்லிப்போட்டு வாறன், அம்மா. அந்தா, அந்த மேசையடியிலதான் நிப்பன். இதில இருந்து பார்த்தாத் தெரியும்."

"ஓம்," என்றார் ஞானமலர் அன்ரி. "போட்டு வா."